பூச்சு உரிந்தால் முதலில் செதிலின் பின்பக்கத்தைப் பாருங்கள்

திருகோணமலை நகரத்துக்கு ஒரு பக்கம் உள்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல். இங்கே வெறும் பெயின்ற் அடித்த இரும்பு நெடுநாள் தாங்காது. அதனால்தான் சிங்க், அலுமினியம், இல்லாவிட்டால் இரண்டும் கலந்த 85-15 வயரை உருக்கித் தெளிக்கும் வேலைக்கு இப்போது ஆட்கள் தேடி வருகிறார்கள். கேற், பல்கனிக் கம்பி, படகு இழுக்கும் ட்ரெய்லர், தண்ணீர்த் தாங்கி ஏணி, ஐஸ் பட்டறைச் சட்டம் என்று எல்லாம் வருகின்றன. ஒழுங்காகத் தெளித்த பூச்சு பல வருடம் நிற்கும். ஒழுங்கில்லாதது ஒரு மாரிக்குள்ளேயே காட்டிக்கொடுத்துவிடும்.

பழுதாகித் திரும்பி வரும் சாமான்களைப் பார்த்துப் பார்த்து நான் எழுதி வைத்த குறிப்புகள் இவை. உங்கள் சாமானில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள், கைச்செலவு கூடிய காரணத்தைக் கடைசியில். முக்கியமான ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: "வயர் சரியில்லை" என்பதில் தொடங்காதீர்கள். நான் பிரித்துப் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை தெளிக்கும் துப்பாக்கியை எடுப்பதற்கு முன்பே நடந்து முடிந்தவை.

கையில் இருக்க வேண்டியவை: காந்த முறையில் பூச்சின் தடிப்பு அளக்கும் மீற்றர், கூரான கத்தி, பூதக்கண்ணாடி, ஈரப்பதமும் வெப்பமும் காட்டும் சிறு மீற்றர், இரும்பின் சூட்டைப் பார்க்க அகச்சிவப்பு வெப்பமானி, நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும், குடிதண்ணீர் சோதிக்கும் டி.டி.எஸ். பேனா, ஒரு போத்தல் காய்ச்சி வடித்த நீர்.

பூச்சு செதில் செதிலாக உரிகிறது

வருவதில் அதிகமானது இதுதான். நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதியின் படிக்கட்டுக் கைபிடி, வேறொரு பட்டறையில் தெளித்தது, ஐந்து மாதம்கூட ஆகவில்லை. போய்ப் பார்த்தபோது உள்ளங்கை அளவுத் துண்டு நகத்தால் தூக்கியதும் கையோடு வந்தது. "தம்பி, வயர் போலியோ?" என்று கேட்டார் பொறுப்பாளர். நான் துண்டைத் திருப்பி வெயிலில் பிடித்துக் காட்டினேன். மேல்பக்கம் நல்ல சாம்பல் நிறம், கைக்குச் சொரசொரப்பு. பின்பக்கம் முழுவதும் மெல்லிய செம்பழுப்புப் படலம், நடுவில் ஐந்து விரல்களின் தடம். மணல் வீசிச் சுத்தமாக்கிய இரும்பை யாரோ வெறுங்கையால் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள். வியர்வையில் உள்ள உப்பு பூச்சுக்குக் கீழே மாட்டிக்கொண்டது. வயரில் ஒரு குறையும் இல்லை.

அதனால் உரிந்த துண்டை எறியாதீர்கள். அதன் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்து எங்கே தேடுவது என்று தீர்மானிக்க வேண்டும்.

பின்பக்கம் வழுவழுவென்று பளபளத்தால்

இரும்பில் பிடிப்பு இல்லை. உருகிய துளி பள்ளம் மேட்டில் பூட்டிக்கொண்டுதான் நிற்கிறது, அது ஒட்டுவது பசைபோல அல்ல. கிறைண்டரோ கம்பித் தூரிகையோ போட்டுப் பளபளப்பாக்கிய இரும்பில் தெளித்தால் இப்படித்தான் வரும். இரும்பைச் சுத்தமாக்க வீசும் மணி (வீச்சுமணி) தேய்ந்து உருண்டையாகிப்போனாலும் இதே கதைதான். உரிந்த இடத்து இரும்பைத் தடவிப் பாருங்கள். முரட்டு உப்புத்தாள்போல விரலைப் பிடிக்க வேண்டும், அளந்தால் 60 முதல் 100 மைக்குரோன் ஆழம் வேண்டும். இல்லையென்றால் ஒட்டுப்போடும் வழி கிடையாது. முழுவதையும் வீசி எடுத்து, கூரான மணி போட்டு, வெள்ளை உலோகம் தெரியும் வரை அடித்துத்தான் மறுபடி தெளிக்க வேண்டும். வீசிய இரும்பின் சுத்தத்தைக் குறிக்கும் ஐஎஸ்ஓ தரத்தில் எஸ்ஏ 2½ என்பது ஆகக் குறைந்தது. அலுமினியம் என்றால் எஸ்ஏ 3 வரை போங்கள், அது சுத்தம் கேட்கும் உலோகம்.

பின்பக்கம் செம்பழுப்பாக இருந்தால்

வீசி முடித்ததற்கும் தெளித்ததற்கும் இடையில் கறள் பிடித்துவிட்டது. காரணம் ஈரம், உப்பு இரண்டில் ஒன்று. இங்கே பெரும்பாலும் இரண்டும்.

ஈரத்தை முதலில் பாருங்கள், அதற்குச் செலவில்லை. இரும்பின் சூடு, காற்றில் உள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிபடுநிலையை விடக் குறைந்தது 3 பாகை கூடுதலாக இருக்க வேண்டும். காற்று 30 பாகை, ஈரப்பதம் 80 வீதம் என்றால் பனிபடுநிலை 26 பாகை. அப்படியானால் இரும்பு 29க்குக் கீழே இருக்கும்போது துப்பாக்கியைத் தொடக்கூடாது. இரவு முழுக்கக் கொட்டிலுக்குள் கிடந்த தடித்த இரும்பு, காலை எட்டு மணிக்கு வெளிக்காற்றை விடக் குளிராகவே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஈரம் அதன்மேல் படிந்திருக்கும். ஈரப்பதம் 85 வீதத்தைத் தாண்டினால் அன்றைய தெளிப்பைத் தள்ளிப்போடுங்கள்.

வீசிய பிறகு நான்கு மணி நேரத்துக்குள் தெளிக்கலாம் என்பது பொதுவான கணக்கு. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் இங்கேயும் அது சரிவரும், தூசியை மட்டும் கவனித்தால் போதும். ஐப்பசி தொடங்கித் தை வரை நான் அந்தக் கணக்கை நம்புவதில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் தெளித்து முடிக்கக்கூடிய அளவை மட்டும் வீசுகிறேன், அதைத் தெளித்து முடித்த பிறகுதான் அடுத்த பகுதி. வேலை மெதுவாகத்தான் போகும், ஆனால் சாமான் திரும்பி வருவதில்லை.

அப்புறம் உப்பு. பழைய கறள் குழிகளுக்குள் இருக்கும் உப்பு மணல் வீச்சில் முழுதாகப் போகாது. இரும்பு வெள்ளையாகத் தெரியும், ஒரு மணி நேரத்தில் குழிகள் மட்டும் கறுத்து வரும். அப்படிக் கறுத்தால் அது உப்புத்தான். அளந்து பார்க்க ஒரு பட்டறை வழி சொல்கிறேன். வீசிய இரும்பில் 30 சென்ரிமீற்றர் சதுரம் ஒன்று குறியுங்கள். காய்ச்சி வடித்த நீர் 100 மில்லிலீற்றர் எடுத்து அதன் டி.டி.எஸ். அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். புதுக் கையுறை போட்டு, அந்த நீரில் நனைத்த பஞ்சால் சதுரத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்து, பஞ்சை அதே நீரில் பிழிந்து, மறுபடி அளவுங்கள். எண் 18 கூடியிருந்தால் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 20 மில்லிகிராம் உப்பு, 45 கூடியிருந்தால் 50 மில்லிகிராம். பஞ்சு எல்லா உப்பையும் எடுக்காது, உண்மை அளவு இதைவிடக் கூடவே இருக்கும். ஆகவே 18க்கு மேல் போனால் நல்ல தண்ணீரை அழுத்தத்தோடு அடித்துக் கழுவி, காயவிட்டு, மறுபடி வீசுங்கள். கழுவுவதற்குக் கிணற்றுத் தண்ணீர் எடுக்கிறீர்கள் என்றால் அந்தத் தண்ணீரையும் முதலில் பேனாவில் பாருங்கள். கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர் இருக்கிறது.

கடற்கரை மணலைப் பற்றி ஒரு வார்த்தை. புல்மோட்டை மணலில் இல்மனைற், கார்னெற் என்ற கடினமான கனிமங்கள் இருக்கின்றனவே, நம் கரை மணலையே அள்ளி வீசினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். கரை மணலோடு உப்பும் வரும், அதை நீங்களே இரும்புக்குள் அடித்துப் பதிக்கிறீர்கள். அதைவிடப் பெரிய விஷயம், சாதாரண மணல் உடையும்போது பறக்கும் சிலிக்கா தூள் நுரையீரலுக்குள் போய்த் தங்கினால் திரும்பி வராது. கழுவிப் பிரித்த கார்னெற்றையோ செப்புக் கசடையோ வாங்குங்கள். காற்று ஊட்டும் தலைக்கவசம் இல்லாமல் யாரையும் வீச விடாதீர்கள்.

பின்பக்கம் கறுத்துப் பிசுபிசுத்தால்

கொம்பிரசரில் இருந்து எண்ணெய் வருகிறது. குழாய் முனையில் இருந்து வரும் காற்றை வெள்ளைத் துணியில் ஒரு நிமிடம் அடித்துப் பாருங்கள். துணியில் மஞ்சள் கறையோ ஈரமோ பட்டால் வடிகட்டியை மாற்றுங்கள், தாங்கியின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை விடுங்கள். அதற்குப் பிறகும் கறை வந்தால் கொம்பிரசரின் பிஸ்ரன் வளையம் தேய்ந்திருக்கும், அது மெக்கானிக்கின் வேலை. பழைய இயந்திரச் சாமான் என்றால் வீசுவதற்கு முன்பே அதன்மேல் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நீர் பரவாமல் முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இருக்கிறது. முதலில் கழுவித் துடையுங்கள், எண்ணெயோடு வீசினால் அது இன்னும் ஆழமாகத்தான் போகும்.

எல்லாம் சரி, ஆனாலும் உரிகிறது என்றால்

தெளித்த தூரத்தையும் சாய்வையும் பாருங்கள். துப்பாக்கி 15 முதல் 20 சென்ரிமீற்றர் தூரத்தில், மேற்பரப்புக்கு நேராக நிற்க வேண்டும். 45 பாகைக்குக் கீழே சாய்ந்தால் துளி சறுக்கிக்கொண்டு படும். கேற் பூவேலைகளின் உள்மூலைகளில் உரிவது பெரும்பாலும் இதனால்தான்.

ஒவ்வொரு வேலைக்கும் முன் 1.3 மில்லிமீற்றர் தகட்டில் சிறு துண்டு ஒன்றைத் தெளித்து, 13 மில்லிமீற்றர் தண்டின்மேல் வளைத்துப் பாருங்கள். வளைவில் மயிர்போன்ற வெடிப்பு வந்தால் பரவாயில்லை. கத்தி முனையால் பூச்சு தூக்கப்படுமானால் சாமானைத் தெளிக்க வேண்டாம். இழுத்துப் பிடுங்கும் கருவி உள்ளவர்களை எப்போது கூப்பிடுவது? உயிர் பாரம் தாங்கும் எதுவானாலும், தாங்கி, பாலம், உயர ஏணி என்றால், சிறு உரிவுக்கும் கூப்பிடுங்கள். சிங்க் பூச்சுக்கு 3.5 மெகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 7 என்று அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் வழிகாட்டி வைத்திருக்கும் அளவை ஆகக் குறைந்ததாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

வெள்ளைப் பொடி பூக்கிறது

பயப்பட வேண்டாம். சிங்க் தன் வேலையைச் செய்கிறது. நல்ல தண்ணீரும் நைலோன் தூரிகையும் போட்டுக் கழுவி, காயவைத்து, தடிப்பை அளவுங்கள். கடற்கரைச் சாமானில் 200 மைக்குரோனை ஒட்டி இருந்தால் இன்னும் வாழ்வு இருக்கிறது. உலோகத்தின் நுண்துளைகளை மூடும் மெல்லிய அடைப்புப் பூச்சு ஒன்றை அடித்துவிடுங்கள். தெளித்த அன்றே அடித்திருந்தால் இந்தப் பொடியே வந்திருக்காது. ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பொலித்தீன் மூடி வைத்த சாமான்களில்தான் இது மிக மோசமாக வரும். இடையில் கட்டை வைத்துக் காற்றோட விடுங்கள்.

அலை நேரே அடிக்கும் இடத்தில் ஆறே மாதத்தில் தடிப்பு பாதியாகி இருந்தால், அந்த இடத்துக்குச் சிங்க் தேர்ந்தெடுத்ததே பிழை. கடல்நீரில் அலுமினியம்தான் நின்று பிடிக்கும்.

செம்பழுப்புப் புள்ளிகள்

முதலில் நைலோன் தேய்ப்பானால் தேய்த்துக் கழுவுங்கள். போய்விட்டுத் திரும்ப வராவிட்டால் அது மேலே விழுந்த இரும்புத் தூள். பக்கத்தில் யாரோ கிறைண்டர் போட்டிருப்பார்கள். பூச்சில் பிழை இல்லை. எலுமிச்சையோ அமிலமோ போட்டுத் தேய்க்காதீர்கள், கறளோடு சிங்கும் கரையும்.

திரும்ப அதே இடத்தில் வந்தால் அந்த இடம் எது என்று பாருங்கள்.

கூர் ஓரத்தில், வெல்டிங் பொட்டுகளில்: பூச்சு அங்கே மெல்லியதாகத்தான் படிந்திருக்கும். ஓரத்தை 2 மில்லிமீற்றர் வட்டமாக்காமல் தெளித்ததன் விளைவு. சிறிய இடம் என்றால் தேய்த்துச் சுத்தமாக்கி, சிங்க் நிறைந்த பெயின்ற் போதும். உள்ளங்கையை விடப் பெரிதானால் அந்தப் பகுதியை வீசி மறுபடி தெளியுங்கள்.

பெட்டிக் குழாயின் பொருத்தில் இருந்து கறள்நீர் வடிந்தால்: பிழை வெளியே இல்லை, உள்ளே தண்ணீர் நிற்கிறது. இதை எத்தனையோ பேர் வெளியே மறுபடி மறுபடி பெயின்ற் அடித்து மறைக்கிறார்கள். அடியில் வடிதுளை போடுங்கள், இல்லையென்றால் வெல்டிங்கை முழுதாக அடைத்துக் காற்றுப் புகாமல் செய்யுங்கள். குழாயைத் தட்டிப் பார்த்துச் சத்தம் மந்தமாக இருந்தாலோ, கூர்நுனிச் சுத்தியல் உள்ளே இறங்கினாலோ, பூச்சுக்காரரைக் கூப்பிட்டுப் பயனில்லை. இரும்பை மாற்ற வெல்டரைக் கூப்பிடுங்கள்.

பித்தளை, செம்பு, துருப்பிடிக்காத உருக்கு ஆணியைச் சுற்றி: இரண்டு உலோகம் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் அவற்றில் எளிதாக அரிபடும் உலோகம் தின்னப்படும். நைலோன் வாசர் போட்டுப் பிரியுங்கள். கொட்பே மீன்பிடித் துறைமுகப் பக்கம் உருக்குப் படகு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அலுமினியம் தெளித்த அடிப்பாகத்தின்மேல் செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயின்ற்றை நேரடியாகப் பூசக்கூடாது. பூசினால் அது பூச்சைத் தின்னத் தொடங்கும்.

கேற் தூண் கொங்கிரீற்றுக்குள் போகும் இடத்தில்: ஈரக் கொங்கிரீற்றின் காரம் அலுமினியத்தைக் கரைக்கும். புதைபடும் பகுதிக்கு எப்பொக்சி பூசி, தரைக்கு மேலே ஒரு சாண் வரை ஏற்றிவிடுங்கள்.

மேலே அடித்த பெயின்ற் கொப்புளிக்கிறது

மேலே அடித்தது சாதாரண எனாமல் பெயின்ற்றா என்று முதலில் கேளுங்கள். எண்ணெய் கலந்த எனாமல் சிங்கோடு சேர்ந்து சவர்க்காரம்போல ஆகிவிடும். சில மாதத்தில் தாள்போல உரியும். சிங்க் பூச்சுக்குக் குற்றமில்லை. உரித்து எடுத்துவிட்டு எப்பொக்சி அடைப்புப் பூச்சில் தொடங்குங்கள்.

எனாமல் இல்லை, எப்பொக்சிதான், ஆனாலும் ஊசித்துளை ஊசித்துளையாகக் கொப்புளம் என்றால், தடித்த பெயின்ற்றை ஒரே மூச்சில் அடித்திருக்கிறார்கள். தெளித்த உலோகம் பஞ்சுபோலத் துளை உள்ளது. உள்ளிருக்கும் காற்று வெளியே வரத்தான் செய்யும். நன்றாக ஐதாக்கி, உலோகம் உறிஞ்சுகிற அளவுக்கு ஒரு கை. அது காய்ந்த பிறகு அடுத்தது. உச்சி வெயிலில் இரும்பு சூடேறிக்கொண்டிருக்கும்போது அடிக்காதீர்கள், பின்னேரம் சூடு இறங்கும்போது அடியுங்கள். கொப்புளத்தை ஊசியால் குத்தி, வரும் நீரைப் பேனாவில் தொட்டு, எண் தாறுமாறாக ஏறினால், உள்ளே உப்பு. அப்போது முதல் தலைப்புக்குத் திரும்புங்கள்.

துப்பாக்கி வெடித்து வெடித்துத் துப்புகிறது, மேற்பரப்பு கட்டி கட்டியாக வருகிறது

வயரைப் பாருங்கள். இங்கே திறந்து வைத்த வயர்ச் சுருள் சில வாரத்தில் மங்கிப்போகும். மங்கிய வயரில், அதை உருக்கும் மின்சாரம் ஒழுங்காக ஏறாது. முன்பகுதியை வெட்டி எறிந்துவிட்டுத் தெளித்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் சுருளைக் கழற்றி மூடிய வாளியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

அடுத்தது துப்பாக்கியில் வயர் வெளிவரும் முனைகள். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் வயர் ஆடும், பொறி தடுமாறும். மலிவான சாமான், மாற்றிவிடுங்கள். அப்புறம் காற்றழுத்தம், அப்புறம் வோல்ற்றேஜ். பொறி ஒரே சத்தத்தில் சீறிக்கொண்டு நிற்கிற ஆகக் குறைந்த வோல்ற்றேஜ்தான் சரியான வோல்ற்றேஜ். சிங்க் அலுமினியத்தை விடக் குறைவில் ஓடும், அதனால் வயர் மாற்றும்போது திருகையும் மாற்ற வேண்டும். ஜெனரேற்றரில் ஓட்டுகிறவர்கள், அதே நேரம் வெல்டிங் இயந்திரமும் ஓடுகிறதா என்று பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் தடுமாறினால் வயர் தள்ளும் மோட்டாரோ மின்வழங்கியோதான். மூடியைத் திறக்காதீர்கள், அதற்குரியவரிடம் கொடுங்கள்.

சிங்க் தெளித்த அன்று இரவு யாருக்காவது குளிரும் காய்ச்சலும் வந்தால் அது புகைக் காய்ச்சல். அடுத்த நாள் அவரை வேலைக்கு விடாதீர்கள், மூச்சு இழுத்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கொட்டிலில் காற்றோட்டம் போதாது என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டாம். அலுமினியத் தூளைக் கூட்டி ஈரச் சாக்கில் கட்டி வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், ஈரம் பட்டால் ஐதரசன் வெளிவரும், தீப்பொறி பட்டால் வெடிக்கும்.

நனோ வயர் பூச்சில் வெடிப்பு, கறள், மென்மை

பம்புத் தண்டு, ஐஸ் உடைக்கும் பல், மணல் உராயும் விசிறித் தட்டு போன்றவற்றுக்கு இப்போது உள்ளீடு வைத்த இரும்பு வயர் வருகிறது. உள்ளே குரோமியமும் போரனும் இருக்கும். தெளித்ததும் துளி சட்டென்று உறைவதால் உலோகத்தின் படிக மணிகள் நனோமீற்றர் அளவில் நிற்கும். தேய்வுக்கு மிக நல்ல பூச்சு. ஆனால் சிங்கைப்போல நினைத்துக்கொண்டு இதைத் தெளிப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

கறள் புள்ளி வந்தால்: சிங்க் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். இந்தப் பூச்சு அப்படிக் காக்காது, சுவர்போல நிற்கும், அவ்வளவுதான். சுவரில் ஓட்டை இருந்தால் ஓட்டைக்குக் கீழே உள்ள இரும்பு மற்ற இடத்தை விட வேகமாக அரிக்கப்படும். கடல்நீர் படும் சாமான் என்றால் தெளித்த உடனே அடைப்புத் திரவம் ஊற விடுங்கள், கடைந்து முடித்த பிறகு இன்னொரு தடவை. மாதிரித் துண்டு ஒன்றில் உப்புநீர்த் துணியை ஒரு இரவு சுற்றி வைத்துப் பாருங்கள். காலையில் செம்மஞ்சள் பொட்டுகள் இருந்தால் அடைப்பு போதவில்லை. புள்ளி ஏற்கெனவே வந்துவிட்ட தண்டில் மேலே பூசி மறைக்க முடியாது, பூச்சை எடுக்கத்தான் வேண்டும்.

குறுக்கே வெடிப்பு, ஓரம் தூக்கல் என்றால்: ஒரே இடத்தில் நின்று தடிப்பாக ஏற்றியிருக்கிறீர்கள், சாமான் சூடேறிவிட்டது. வெப்பமானியை வைத்து 150 பாகையைத் தாண்ட விடாமல், கை கையாக, இடையில் ஆறவிட்டு ஏற்றுங்கள். வயர் விற்றவரின் தாளில் உள்ள உச்சத் தடிப்பைத் தாண்ட வேண்டாம்.

அரம் கடித்தால்: நல்ல பூச்சில் அரம் வழுக்கிக்கொண்டு போகும். கடித்துத் தூள் எடுத்தால் வோல்ற்றேஜ் கூடிப்போனது, இல்லையென்றால் தூரம் கூடிப்போனது. புதிய துண்டில் இரண்டையும் குறைத்துத் தெளித்து மறுபடி அரம் போடுங்கள். அப்போதும் கடித்தால் அந்தத் துண்டை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்துக் கடினத்தை அளக்கும் ஆய்வுகூடம் வேண்டும். தண்டு பம்புக்குள் இறங்குவதற்கு முன்பே அனுப்புங்கள். துண்டோடு வயரின் பெயர், வோல்ற்றேஜ், தூரம், காற்றழுத்தம், அன்றைய ஈரப்பதம் ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கட்டிவிடுங்கள், அது இல்லாமல் அவர்களாலும் காரணம் சொல்ல முடியாது.